திருப்பும்போது முனகும் பின் டிபரன்சியல்: பழைய சி.ஆர்-வியை வீட்டில் பார்ப்பது பற்றி

2025 மார்ச் 9, ஞாயிறு. உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர்

என்னிடம் இருப்பது 1998 ஆம் ஆண்டு ஹொண்டா சி.ஆர்-வி, நான்கு சில்லும் இழுக்கும் வகை. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாகத் திருப்பும்போது பின்புறத்திலிருந்து ஒரு முனகலும் கூடவே ஒரு நடுக்கமும் வருகின்றன. காலையில் எடுத்த எடுப்பில் வருவதில்லை. சந்தைக்குப் போய்த் திரும்பி வந்து வாசலில் வாகனத்தை உள்ளே எடுக்கும்போதுதான் வருகிறது. கராஜில் காட்டினேன். பின் சில்லுகளுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிபரன்சியல் முடிந்துவிட்டது, பாவித்த ஒன்றை வாங்கிப் போடுங்கள், அல்லது முன்னாலிருந்து அதற்கு விசை கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு முன் சில்லுகளில் மட்டும் ஓடுங்கள் என்கிறார்கள். திருகோணமலையில் ஓடுவதற்கு நான்கு சில்லும் எதற்கு என்றும் கேட்கிறார்கள். கழற்றிவிடலாமா?

மார்ச் 9, மாலை

கழற்ற வேண்டாம். பாவித்த டிபரன்சியலுக்கும் இப்போதைக்கு முற்பணம் கொடுக்க வேண்டாம். டிபரன்சியலுக்குள் கடைசியாக ஊற்றப்பட்ட ஒயில் எது என்பதை மட்டும் விசாரித்து எழுதுங்கள். எஞ்சின் ஒயிலைக் கேட்கவில்லை, கியர்பொக்ஸ் ஒயிலையும் கேட்கவில்லை. பின் டிபரன்சியலுக்குள் ஊற்றியதைக் கேட்கிறேன். அதற்குப் பதில் கிடைக்கும் வரை மற்றதெல்லாம் ஊகம்.

மார்ச் 11

பதில் வரும்வரை, இந்த முனகல் எப்படிப் பிறக்கிறது என்பதை எழுதி வைக்கிறேன். என்னுடைய வாகனமும் இதே வகைதான். இதே முனகலை நானும் கேட்டிருக்கிறேன். இதே அறிவுரையும் எனக்குக் கிடைத்தது.

1995 ஒக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த முதல் தலைமுறை சி.ஆர்-வியிலும், பின்னர் வந்த எச்.ஆர்-வியின் நான்கு சில்லு வகையிலும் ஹொண்டா வைத்தது இரட்டைப் பம்ப் முறை. பின் டிபரன்சியலின் கூட்டுக்குள் இரண்டு ஒயில் பம்புகள் இருக்கின்றன. ஒன்றைப் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுழற்றுகிறது, ஆகவே அது முன் சில்லுகளின் வேகத்தில் ஓடுகிறது. மற்றதைப் பின் சில்லுகள் சுழற்றுகின்றன. இரண்டும் ஒரே வேகத்தில் ஓடும்வரை முன் பம்ப் தள்ளும் ஒயிலைப் பின் பம்ப் அப்படியே உறிஞ்சிக்கொள்வதால் அழுத்தம் எதுவும் எழுவதில்லை. வாகனம் முன் சில்லுகளால் மட்டும் இழுபடுகிறது. முன் சில்லு சேற்றிலோ மணலிலோ வழுக்கிச் சுழலத் தொடங்கினால், முன் பம்ப் தள்ளும் ஒயில் பின் பம்ப் எடுக்கும் அளவை மீறுகிறது. மிஞ்சிய ஒயிலின் அழுத்தம் ஒரு பிஸ்டனைத் தள்ளி, பல தகடுகள் கொண்ட கிளட்சை இறுக்குகிறது. பின் சில்லுகளுக்கு விசை போகிறது. இதில் கம்பியூட்டர் கிடையாது, பொத்தானும் கிடையாது. எல்லா வேலையையும் ஒயிலே செய்கிறது.

இப்போது வளைவுக்கு வருவோம். எந்த வாகனமும் திரும்பும்போது முன் சில்லுகள் பெரிய வட்டத்திலும் பின் சில்லுகள் சிறிய வட்டத்திலும் போகின்றன. அதாவது வழுக்கல் இல்லாமலே முன் பக்கம் வேகமாகச் சுழல்கிறது. இதற்கு இடம் விடுவதற்காகவே பின் பம்பின் கொள்ளளவை முன் பம்பை விட 2.5 சதவீதம் பெரிதாக வைத்திருக்கிறார்கள். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் அந்த 2.5 சதவீதமும் போதாமல் போய், கிளட்ச் இலேசாகப் பிடிக்க முயல்கிறது. ஒயில் நல்லதாக இருந்தால் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுவழுவென்று சறுக்கும், ஒன்றும் கேட்காது. ஒயிலில் கலந்திருக்கும் உராய்வை மட்டுப்படுத்தும் இரசாயனம் தீர்ந்துவிட்டால் தகடுகள் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து, விட்டுப் போகும். அந்தப் பிடித்து விடுதலே உங்களுக்குக் கேட்கும் முனகல். இருக்கையில் உணரும் நடுக்கமும் அதுவே.

ஆகவே, மெதுவான இறுக்கமான திருப்பத்தில் மட்டும், வாகனம் சற்று ஓடிச் சூடான பிறகு மட்டும் வரும் முனகல் பற்சக்கரம் தேய்ந்ததன் அடையாளம் அன்று. பற்சக்கரமோ பெயரிங்கோ தேய்ந்திருந்தால் அது நேர் வீதியிலும் இரையும், ஹபரணை வீதியில் வேகம் கூடக் கூடத் தானும் கூடும்.

மார்ச் 12

உப்புவெளி வாசகரிடமிருந்து பதில் வந்திருக்கிறது. சேவிஸ் செய்த இடத்தில் விசாரித்தபோது, "டிபரன்சியலுக்கு எல்லாருக்கும் போடுறதுதான் சேர், தொண்ணூறு" என்றார்களாம்.

எதிர்பார்த்ததுதான். 90 எனப்படும் கெட்டியான கியர் ஒயில் லொறிக்கும் பழைய ஜீப்புக்கும் நல்லது. சி.ஆர்-வியின் பின் கூட்டுக்குள் ஒரே ஒயில் மூன்று வேலைகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது: பற்சக்கரத்தைக் காப்பது, பம்பில் ஓடி அழுத்தம் எழுப்புவது, கிளட்ச் தகடுகளை அளவாகப் பிடிக்கவும் விடவும் செய்வது. 90 ஒயில் முதல் வேலையை மட்டும் நன்றாகச் செய்யும். மற்ற இரண்டையும் அதனிடம் கேட்டால் இப்படித்தான் முனகும். ஹொண்டா இதற்கென்றே டி.பி.எஸ்.எஃப் என்ற ஒயிலை வைத்திருந்தது. இப்போது அதன் இடத்தில் டுவல் பம்ப் ஃபுளூயிட் 2 விற்கப்படுகிறது. புதியதைப் பழைய வாகனத்திலும் ஊற்றலாம்.

மார்ச் 12, இரவு

மேலே எழுதியதை யாரும் தவறாகப் பொதுமைப்படுத்திவிடக் கூடாது என்பதற்காக ஒரு வரி. இது இரட்டைப் பம்ப் வைத்த ஹொண்டாவுக்கு மட்டும் உரியது. சுபாரு ஃபொரஸ்டர், சுசுக்கி எஸ்குடோ போன்றவற்றின் பின் டிபரன்சியலுக்குக் கியர் ஒயில்தான் சரி. அவற்றில் டி.பி.எஸ்.எஃப் ஊற்றிவிட்டு என்னைத் தேடி வராதீர்கள்.

மார்ச் 15, சனி

வீட்டில் மாற்றும் முறையைப் பலர் கேட்டிருக்கிறார்கள். நான் செய்யும் ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

முதலாவது, சமதரை. என் வீடு உவர்மலைச் சரிவில் இருப்பதால் என் வளவில் இந்த வேலையைச் செய்வதில்லை. கீழே ஒரு நண்பரின் வளவுக்குக் கொண்டு போகிறேன். காரணம் சோம்பல் அன்று. இந்தக் கூட்டில் ஒயிலின் அளவைக் காட்டும் குச்சி எதுவும் இல்லை. மேல் துவாரத்தின் விளிம்பில் ஒயில் தளும்புவதே அளவு. வாகனம் ஒரு பக்கம் சரிந்திருந்தால் அந்த அளவு பொய்யாகிவிடும். பின் பக்கத்தை மட்டும் உயர்த்தினாலும் அதே பொய்தான். ஆகவே பழைய ஒயில் வடியும்போது எப்படி நின்றாலும், புதிய ஒயிலை நிரப்பி அளவு பார்க்கும்போது நான்கு சில்லும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். சி.ஆர்-வி ஓரளவு உயரமான வாகனம் என்பதால், மெலிந்த உடம்புக்காரர் உயர்த்தாமலே கீழே புகுந்து வேலையை முடித்துவிடலாம். எனக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது.

உயர்த்துவதானால் ஜக்கின் மேல் நிற்கும் வாகனத்தின் கீழ் ஒருபோதும் தலையை நீட்டாதீர்கள். ஸ்டாண்ட் வைத்து, சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை போட்ட பிறகே உள்ளே போங்கள். இந்த வாகனத்துக்கென்று தனி ஆபத்து ஒன்றும் உண்டு. முன் சில்லுகளை மட்டும் தூக்கி வைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டுக் கியர் போட்டால், முன் சில்லுகள் காற்றில் வேகமாகச் சுழலும். முன் பம்ப் அழுத்தம் எழுப்பும். தரையில் நிற்கும் பின் சில்லுகள் பிடித்து வாகனத்தை ஸ்டாண்டிலிருந்து தள்ளிவிடும். மார்ச் 11 ஆம் திகதிக் குறிப்பைப் படித்தவருக்கு இது ஏன் என்று விளங்கும். "சத்தம் எங்கிருந்து வருகுது எண்டு பாப்பம்" என்று கராஜில் இப்படிச் செய்ய முயன்றவரை நானே தடுத்திருக்கிறேன்.

இரண்டாவது, ஒயில் நிரப்பும் மேல் பிளக்கைத் திறக்க முடிகிறதா என்று பார்க்காமல் ஒயில் வடிக்கும் கீழ் பிளக்கைத் தொடவே கூடாது. கீழே வடியவிட்டு மேலே திறக்க முடியாமல் போனால், ஒயில் இல்லாத டிபரன்சியலோடு வாகனம் வளவிலேயே நின்றுவிடும். இரண்டு பிளக்குகளின் நடுவிலும் சதுரக் குழி இருக்கிறது. முக்கால் அங்குலமோ அரை அங்குலமோ அன்று, எட்டில் மூன்று அங்குலச் சொக்கற் கைபிடியின் நுனி நேரடியாக அதில் பொருந்தும். குழிக்குள் நிரம்பியிருக்கும் மண்ணையும் துருவையும் ஆணியால் கிண்டி எடுத்து, நுனி அடிவரை இறங்கிய பிறகே பலம் கொடுங்கள். பாதி இறங்கிய நிலையில் இழுத்தால் குழி உருண்டுபோகும்.

கடலோரத்தில் இருக்கும் நமக்கு இந்த இடம்தான் கடினம். உப்புக் காற்று பிளக்கின் கழுத்தைப் பிடித்துவிடுகிறது. நான் முதல் நாள் மாலையே கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு இளக்கும் ஒயிலை அடித்து விட்டுவிடுகிறேன். மறுநாள் குறுகிய கைபிடியால் உதறி உதறி முயல்வதைவிட, நீளமான குழாயைக் கைபிடியில் செருகி ஒரே சீராக அழுத்துவது நல்லது. அப்படியும் அசையாவிட்டால், நுனியைக் குழியில் வைத்துச் சுத்தியலால் நேராக நாலைந்து தட்டுகள் தட்டினால் இழைகளைப் பிடித்திருக்கும் துரு உடையும். காஸ் சூட்டை நான் கடைசி வழியாகக்கூட வைத்துக்கொள்வதில்லை; பெற்றோல் தாங்கி பக்கத்திலேயே இருக்கிறது.

மூன்றாவது, சூடாக வடிக்க வேண்டும். கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு வந்து திறந்தால் ஒயில் இளகி, அடியில் தங்கிய கரியையும் சேர்த்துக்கொண்டு வரும். வெளியே வருவதைப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். தேன் நிறம் மாறிக் கறுத்திருந்தால் வயது. எரிந்த நாற்றம் அடித்தால் தகடுகள் துன்பப்பட்டிருக்கின்றன. பாற்சொதி போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பிளக்கில் காந்தம் இருந்து அதில் கரிய களிம்பு ஒட்டியிருந்தால் அது சாதாரணத் தேய்மானம். விரலால் எடுத்துப் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியும் துண்டுகள் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

நான்காவது, நிரப்புவது. மேல் துவாரம் போத்தலைச் சரிக்க இடமில்லாத மூலையில் இருப்பதால் கைப்பம்ப் தேவை. வாங்க வேண்டியதில்லை, கடற்கரையில் கேட்டால் கிடைக்கும். படகின் வெளி எஞ்சினுக்குக் கியர் ஒயிலைக் கீழ்த் துவாரத்தால் ஏற்றி மேல் துவாரத்தால் வரும்வரை அடிப்பதற்காக மீன்பிடிக்காரர்கள் வைத்திருக்கும் அதே பம்ப்தான். ஆனால் அதற்குள் தொண்ணூறு ஒட்டிக்கொண்டிருக்கும். மண்ணெண்ணெயால் கழுவி, முழுதாக உலரவிட்டு, புதிய ஒயிலில் கொஞ்சத்தை அதற்குள் ஓட்டிக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் எதை விரட்டினோமோ அதையே மீண்டும் ஏற்றியவர்களாவோம்.

கடைசியாக, இரண்டு பிளக்குகளுக்கும் புதிய அலுமினிய வொஷர். இறுக்கும் அளவு 47 நியூட்டன் மீற்றர், அதாவது ஏறக்குறைய 4.8 கிலோகிராம் மீற்றர். டோர்க் ரென்ச் இல்லாதவர்கள் ஒரு அடி நீளக் கைபிடியின் நுனியில் பதினாறு கிலோ பாரம் தொங்குவதாக நினைத்துக்கொள்ளலாம். கூட்டின் உடல் அலுமினியம். குழாய் செருகித் திறந்ததை அதே குழாய் செருகி மூடக் கூடாது.

மார்ச் 16

அளவு பற்றி நேற்று எழுத விட்டுப்போனது. மாற்றும்போது பிடிப்பது சுமார் 1 லீற்றர். முழுதாகப் பிரித்துப் பூட்டினால் 1.2 லீற்றர் வரை போகும். வடிக்கும்போது அந்த வித்தியாசம் உள்ளேயே தங்கிவிடுகிறது. அமெரிக்கப் பொதியில் வரும் போத்தல் 946 மில்லிலீற்றர்தான். ஒரு போத்தல் போதும் என்று வாங்கியவர் பம்பில் ஒட்டியதும் தரையில் சிந்தியதும் போக அளவுக்குக் குறைவாகவே நிரப்புவார். இரண்டாக வாங்குங்கள். மிச்சம் வீணாகாது, ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மார்ச் 22, சனி

மூதூரிலிருந்து ஒருவர், "ஹொண்டா ஒயில் எதற்கு, தானாகக் கியர் மாறும் ஓட்டோ கியர்பொக்ஸுக்கு ஊற்றும் சிவப்பு ஒயிலை ஊற்றினேன், சத்தம் நின்றுவிட்டது" என்று எழுதியிருக்கிறார்.

நின்றிருக்கும். அந்த ஒயிலிலும் கிளட்ச் தகடுகளுக்கான இரசாயனம் உண்டு. நான் மார்ச் 12 ஆம் திகதி சொன்ன மூன்று வேலைகளில் அது இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒருவாறு செய்துவிடும், முதலாவதுதான் சிக்கல். பின் கூட்டுக்குள் இருப்பது ஹைப்பொயிட் பற்சக்கரம். அதில் ஒரு பல் மற்றதன்மேல் உருள்வதோடு பக்கவாட்டில் உரசிச் சறுக்கவும் செய்யும். அந்த உரசலைத் தாங்கும் வகையில் ஓட்டோ ஒயில் தயாரிக்கப்படவில்லை. தொண்ணூறு ஊற்றினால் கிளட்ச் அழும், சிவப்பு ஊற்றினால் பல் அழும். முன்னதன் அழுகை உடனே கேட்கும்; பின்னதன் அழுகை கேட்கும்போது கூட்டைத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

அவருடைய வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது: சரியான ஒயில் திருகோணமலையில் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. கொழும்பிலிருந்து யாராவது வரும்போது சொல்லி அனுப்ப வேண்டியிருக்கிறது. மூடியின் முத்திரை உடையாததைப் பார்த்து வாங்குங்கள்.

ஏப்ரல் 2

ஷாஃப்டைக் கழற்றிவிட்டு ஓடலாமா என்ற ஆரம்பக் கேள்விக்கு நான் இன்னும் முழுதாகப் பதில் சொல்லவில்லை.

ஒரு சத்தம் பின் தொடரிலிருந்து வருகிறதா, வேறிடத்திலிருந்து வருகிறதா என்று பிரித்தறியக் கொஞ்சத் தூரம் அப்படி ஓடிப் பார்ப்பதை நான் எதிர்க்கவில்லை, நானே செய்வேன். கழற்றுமுன் இணையும் தட்டுகள் இரண்டிலும் பெயின்டால் ஒரே கோடு போட்டுக்கொள்ளுங்கள், பூட்டும்போது கோட்டோடு கோடு சேர வேண்டும். இல்லாவிட்டால் இல்லாத அதிர்வு ஒன்று புதிதாக வரும். போல்ட்டுகளின் தலை பன்னிரண்டு மூலை கொண்டது, சாதாரண ஆறு மூலைச் சொக்கற் அதில் ஏறாது. திறப்பானைக் கொண்டு முறுக்கிப் பாழாக்காதீர்கள்.

நிரந்தரமாகக் கழற்றி விடுவது வேறு விடயம். அது நோய்க்கு மருந்தன்று. நிலாவெளியில் மணலுக்குள் இறங்கியவருக்கும், மழைக்காலத்தில் தம்பலகாமத்துப் பக்கம் வயல் வீதியில் சிக்கியவருக்கும் நான்கு சில்லு எதற்கு என்று விளக்கத் தேவையில்லை. அந்தக் கேள்வியைக் கேட்ட கராஜ்காரரின் வாகனத்தை யார் இழுத்து வெளியே எடுப்பார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.

பாவித்த டிபரன்சியல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி இந்த ஆண்டு பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்திருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் எல்லோரும் இருப்பதையே பழுது பார்த்து ஓட்டியதால், கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும் பாவித்த கூடுகளுக்கு விலையும் ஏறியது, வயதும் ஏறியது. அங்கிருந்து வரும் கூடும் உங்களுடையதைப் போல இருபத்தைந்து வயதுக்காரர்தான். அதற்குள் யார் எதை ஊற்றினார்கள் என்பதும் தெரியாது. உங்களுடையதன் சரித்திரமாவது உங்களுக்குத் தெரியும்.

ஏப்ரல் 3

நேற்றைய குறிப்போடு சேர வேண்டியது: ரயர்.

இந்த வாகனத்துக்குரிய அளவு 205/70 ஆர் 15. விட்டம் ஏறக்குறைய 668 மில்லிமீற்றர். புதிய ரயரின் பள்ளம் 8 மில்லிமீற்றர் என்றும் தேய்ந்ததன் பள்ளம் 2 என்றும் வைத்துக்கொண்டால் விட்டத்தில் 12 மில்லிமீற்றர் குறைகிறது, இது 1.8 சதவீதம். பின் பம்புக்குக் கொடுத்திருக்கும் சலுகையோ 2.5 தான். முன்னால் இரண்டு தேய்ந்த ரயரும் பின்னால் இரண்டு புதிய ரயரும் போட்டால், வாகனம் நேராக ஓடும்போதே அந்தச் சலுகையின் பெரும் பகுதி செலவாகிவிடுகிறது. சிறு திருப்பத்திலும் கிளட்ச் உரசும். மலிவாகக் கிடைத்தது என்று முன்னால் 205/65 ஆர் 15 இரண்டைப் போட்டவருக்கு வித்தியாசம் 3 சதவீதத்தைத் தாண்டுகிறது. அவருடைய கிளட்சுக்கு ஓய்வே இல்லை. எந்த ஒயிலை ஊற்றினாலும் சீக்கிரம் வெந்துவிடும்.

மறுபுறம், புதியதை முன்னாலும் தேய்ந்ததைப் பின்னாலும் போட்டால் பின் பம்ப் வேகமாக ஓடி மிச்ச ஒயிலை உறிஞ்சிக்கொள்ளும். கிளட்ச் சும்மா இருக்கும். மழையில் பின்பக்கம் வழுக்கும் ஆபத்து அதில் உண்டு என்பதால் அதையும் நான் சிபாரிசு செய்யவில்லை. நான்கும் ஒரே அளவு, முறை வைத்து இடம் மாற்றித் தேய்த்தல், இவ்வளவுதான். ஒயில் மாற்றச் சொல்லிக் கேட்டு வருபவர்களிடம் நான் இப்போதெல்லாம் ரயரையே முதலில் குனிந்து பார்க்கிறேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

உப்புவெளி வாசகர் மாற்றிவிட்டார். கறுத்த ஒயில், எரிந்த நாற்றம் இல்லை, துண்டுகள் இல்லை. முனகல் பாதியாகக் குறைந்திருக்கிறதாம், ஆனால் நிற்கவில்லையாம். "ஏமாற்றிவிட்டீர்களா?" என்று கேட்கிறார்.

இல்லை. உள்ளே தங்கிய தொண்ணூறும் தகடுகளுக்கு இடையே ஊறிய தொண்ணூறும் புதிய ஒயிலோடு கலந்திருக்கின்றன. வாகனத்தைக் கொஞ்சத் தூரம் ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு, திறந்த வெளி ஒன்றில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மிக மெதுவாக வலமாகச் சில வட்டங்கள், பிறகு இடமாகச் சில வட்டங்கள் சுற்றுங்கள். தகடுகள் உரசி உரசிப் பழையதைக் கக்கிப் புதியதைக் குடிக்கும். சில வாரங்கள் ஓடிய பிறகு மறுபடி வடித்து நிரப்புங்கள். இரண்டு போத்தல் வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

நகரத்துக்குள் வட்டமடிப்பவர்கள் மான்களுக்கு வழி விடுங்கள். வீதியில் படுத்திருக்கும் நம்மூர் மான்கள் ஹோர்னுக்கு எழும்புவதில்லை. முனகும் டிபரன்சியலுக்கு எழும்புகின்றனவா என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

ஏப்ரல் 20

குச்சவெளியிலிருந்து ஒருவர், தன்னுடைய எச்.ஆர்-வியிலும் ஒயில் மாற்றியும் இரைச்சல் போகவில்லை என்கிறார். அவர் சொல்வது வேறு சத்தம்: நேர் வீதியில், வேகத்தோடு கூடும் உறுமல். எனவே மார்ச் 11 இல் நான் சொன்ன எல்லைக்கோட்டின் மறுபக்கத்தில் அவர் நிற்கிறார்.

புல்மோட்டை வீதியில் கார்ப்பெட் எனப்படும் தார்ப்பரப்பு மாறும் இடத்தில் இரைச்சலின் சுருதியும் மாறினால் அது ரயர். மாறாவிட்டால், வெறிச்சோடிய இடத்தில் மெல்ல இடமும் வலமுமாக ஸ்டியரிங்கை அசைத்துப் பாருங்கள். வலப்பக்கம் திருப்பும்போது பாரம் இடப்பக்கச் சில்லுகளில் ஏறும். அப்போது உறுமல் கூடினால் இடப்பக்க பெயரிங், மாறித் திருப்பும்போது கூடினால் வலப்பக்க பெயரிங். எந்தப் பக்கம் திருப்பினாலும் மாறாமல், அக்சிலேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் மட்டும் மாறினால்தான் டிபரன்சியலைச் சந்தேகிக்க வேண்டும்.

புறப்படும்போது தரையடியில் ஒரு உதறல் வந்து வேகம் பிடித்ததும் மறைந்தால், ஷாஃப்டை நடுவில் தாங்கும் பெயரிங்கைச் சுற்றியுள்ள ரப்பர் கிழிந்திருக்கலாம். முன்னோக்கிலிருந்து பின்னோக்குக் கியருக்கு மாற்றும்போது 'டக்' என்று ஓர் அடி கேட்டால், டிபரன்சியலைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்கள், ஷாஃப்டின் சிலுவை மூட்டுகள் இரண்டையும் பாருங்கள். இவற்றுக்கு ஒயிலால் ஒன்றும் ஆகாது.

மே 18

உப்புவெளி வாகனம் இரண்டாவது ஒயிலுக்குப் பிறகு அமைதி. அவர் கராஜ்காரரிடம் போய்ச் சொன்னபோது, "அப்ப டிபரன்சியல் தன்னால சுகமாயிட்டுது" என்றாராம்.

ஆனால் என் ஆரம்ப உறுதியைச் சற்றுத் தளர்த்த வேண்டும். இதே முறையைப் பின்பற்றிய வேறொருவருக்கு ஒயில் எரிந்த நாற்றத்தோடு வந்தது, இரண்டாவது முறை மாற்றியும் நடுக்கம் அப்படியே இருக்கிறது. அவர் நெடுங்காலம் அளவு பொருந்தாத ரயர்களோடு ஓடியவர். தகடுகளின் மேற்பூச்சே கருகிவிட்டால் எந்தப் போத்தலும் அதைத் திருப்பித் தராது. அவருக்குக் கூட்டைத் திறந்து தகடுகளை மாற்றுவது அல்லது பாவித்த கூடு, இரண்டில் ஒன்றுதான் வழி. அப்போதும், வாங்கிய கூட்டைப் பூட்டுமுன் நிலத்தில் வைத்தே ஒயிலை மாற்றிவிடுங்கள். கீழே படுத்துச் செய்வதைவிட எளிது.

ஒக்டோபர் 12, ஞாயிறு

மாரி வருகிறது. கிண்ணியாவிலிருந்து ஒருவர், சென்ற மாரியில் வெள்ளத்தைக் கடந்ததாகவும் இப்போது வடித்தபோது வெளுத்த ஒயில் வந்ததாகவும் எழுதியிருக்கிறார். சீல் போய்விட்டதா என்று கேட்கிறார்.

சீலாகவும் இருக்கலாம், ஆனால் முதலில் மூச்சுக்குழாயைப் பாருங்கள். கூட்டின் மேற்புறத்தில், உள்ளே சூடேறும் காற்று வெளியேற ஒரு சிறு வழி இருக்கிறது. ஓடிச் சூடான கூடு திடீரெனத் தண்ணீரில் மூழ்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, அந்த வழியாலேயே வெளியிலிருப்பதை இழுக்கும். வெளியே வெள்ளம் என்றால் வெள்ளத்தையே இழுக்கும். மூச்சுவழி சேற்றால் அடைபட்டிருந்தால் நிலைமை வேறு: சூட்டில் எழும் அழுத்தம் சீலைத் தள்ளி ஒயில் கசியத் தொடங்கும். இரண்டுக்கும் அந்த இடத்தைத் துடைத்துச் சுத்தமாக வைப்பதே முதல் வேலை. கடக்கத்தான் வேண்டும் என்றால், வீதியோரம் நிறுத்திக் கூடு ஆறும்வரை காத்திருந்துவிட்டு இறங்குங்கள். கையை வைத்துப் பார்த்தால் வைத்த இடத்தில் வைத்திருக்க முடிய வேண்டும்.

வெளுத்த ஒயில் வந்தவர் ஒரு முறை மாற்றி நிறுத்திவிட வேண்டாம். நிரப்பி, சூடாகும்வரை ஓட்டி, உடனே வடியுங்கள். தெளிவாக வரும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். விலை உறுத்தினாலும் இடையில் வேறு ஒயிலைக் கழுவப் பயன்படுத்தாதீர்கள், அதுவும் உள்ளே தங்கிவிடும். தெளிந்த பிறகும் சில வாரங்களில் மறுபடி வெளுத்தால், அப்போது சீலைக் கழற்றலாம். இருபக்க அரை ஷாஃப்டுகளின் ரப்பர் உறைகளையும் அதே வேளையில் பார்த்துவிடுங்கள், சில்லின் உட்புறத்தில் கிரீஸ் சிதறியிருந்தால் உறை கிழிந்திருக்கிறது.